நடுவிலிருந்த நீல மணி

மானிடவியல் முதல் வகுப்பில் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். மனிதன் எந்த நாளில் மனிதனானான்? ஒருவன் நெருப்பு என்பான். ஒருத்தி கல் ஆயுதம் என்பாள். கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருப்பவன் விழித்துக்கொண்டு பேச்சு என்பான். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, செத்தவர்களை நரிக்கு விட்டுவிட்டுப் போகாமல் குழி தோண்டிப் படுக்கவைத்த நாள் என்று என் பங்குக்கு ஒன்றைச் சேர்ப்பேன். அதற்குள் மணி அடித்துவிடும். முப்பது வருடத்துக்கு மேல் இதைச் சொல்லித்தான் சோறு தின்றேன். அந்த வகுப்பில் ஒரு தடவைகூடச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இப்போது எனக்கு வகுப்பு இல்லை. யாருக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேனோ அவளும் இல்லை. எழுதிவிடுகிறேன்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து, சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்த வருடங்கள் அவை. எங்கள் ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். அப்போது அதுவும் சித்தூர் ஜில்லாதான். வீட்டில் தமிழ், தாலுகா ஆபீசில் தெலுங்கு, சந்தையில் இரண்டும் என்று வாழ்ந்துகொண்டிருந்தோம். எந்த ஊர் எந்த ராஜ்யத்தில் இருக்கப்போகிறது என்பது முடிவாகாமல் வருடக்கணக்கில் இழுத்தது. நாலு பேர் கூடினால் அதே பேச்சு.

நான் திருப்பதியில் ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். பேர்தான் பெரிது. எலும்புகளைத் தூசி தட்டுவது, கண்ணாடி அலமாரியில் அடுக்குவது, அட்டையில் அழகான இங்கிலீஷ் எழுத்தில் விவரம் எழுதி முன்னால் வைப்பது, இவைதான் என் வேலை. எனக்கு மேலே ஒரு விரிவுரையாளர். கடலோர ஜில்லாக்காரர், தமிழ் தெரியாது, நாங்கள் தெலுங்கில்தான் பேசிக்கொள்வோம். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். இந்தக் கதையில் கெட்டவன் யாராவது வேண்டுமென்றால் அது அவரில்லை.

என் மனைவிக்குப் பிறந்த ஊர் கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில். தலைப்பிரசவத்துக்கு அங்கே போனாள். பெண் குழந்தை பிறந்ததாகக் கார்டு வந்தது. எங்கள் ஜனங்களில் தகப்பன் உடனே ஓடிப்போய்ப் பார்க்கிற வழக்கம் அப்போது கிடையாது. பேர் வைக்கிற நாளுக்குப் புதுத்துணியோடு போனால் போதும். நான் திருப்பதியில் சின்னதாக ஒரு பாவாடைத்துணி வாங்கிவைத்திருந்தேன். ஒன்பதாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு பத்தாம் நாள் போய்விட்டது. இரண்டாவது கார்டு என் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

போய்ப் பார்த்தேன். மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எங்கே புதைத்தீர்கள் என்று மாமியாரிடம் கேட்டேன். அவர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மனைவியின் தம்பிதான் என்னைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னான்.

"பேர் வெக்காத புள்ளய வெச்ச எடத்த பெத்த நைனா பாக்கக் கூடாது மாமா. காதாலயும் கேக்கக் கூடாது. கேட்டா அடுத்தது நிக்காது. கேக்காத உட்டுடு."

படித்தவன் அல்லவா, எனக்குக் கோபம் வந்தது. இந்த மாதிரி நம்பிக்கைகளைப் பற்றி நோட்டுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அதை ஒளித்து என்ன பிரயோஜனம்? முகம் பார்க்காத குழந்தை. எனக்கு அவள் இரண்டு தபால் கார்டு, அவ்வளவுதான். இடம் தெரியாமல் இருந்தால் அப்படியே இருந்துவிடலாம். அடுத்த பஸ்ஸில் திருப்பதிக்குத் திரும்பிவிட்டேன். பாவாடைத்துணியைச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிற அம்மாவிடம் கொடுத்தேன்.

இரண்டு வருடம் கழிந்தது. மனைவி மறுபடியும் கர்ப்பம், ஏழு மாதம். இரண்டாவது என்பதால் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அந்தச் சமயத்தில் விரிவுரையாளருக்குப் பழங்காலத்துச் சமாதி ஒன்றைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. நம் அலமாரியில் இருப்பதெல்லாம் பிறர் தோண்டியதன் மிச்சம் என்று அவருக்கு மனக்குறை. எங்கே கிடைக்கும் என்று கேட்டார். என் மாமியார் ஊருக்குப் பின்னால் பெரிய பெரிய கற்களை வட்டமாக நட்டுவைத்த இடம் ஒன்றைக் கல்யாணத்தின்போது பார்த்திருந்தேன். பாண்டவர் குழி என்பார்கள். யார் நட்டது என்று யாருக்கும் தெரியாது. உள்ளே ஏர் ஓட்டமாட்டார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒன்றும் கிடையாது, அதனால் அந்தக் கல்வட்டத்துக்கு அந்த ஜனங்கள் என்ன உபயோகம் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் இடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜீப்பில் போய் இறங்கினோம். டேப்பும் முளைக்குச்சியும் கயிறும் பார்த்த உடனே ஊர் முடிவு கட்டிவிட்டது, எல்லை அளக்க வந்திருக்கிறார்கள் என்று. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் யாரோ வீடு வீடாக வந்து வீட்டில் என்ன பாஷை என்று எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். விரிவுரையாளர் தலை அளக்கிற இடுக்கிக் கருவியையும் கையோடு கொண்டுவந்திருந்தார். சாயங்காலம் நாலைந்து பேருக்கு அளந்து பார்த்தார். மறுநாள் காலையில் நாங்கள் தங்கியிருந்த சத்திரத்து வாசலில் இருபது பேர் குளித்து முழுகி வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் நின்ற பெரியவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஐயா, எங்க தல எந்தாண்ட வருதுனு பாத்து சொல்லு. மெட்ராசா, ஆந்திராவா?"

நான் அதைத் தெலுங்கில் சொன்னதும் விரிவுரையாளர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். மாமியார் ஊர் என்றுகூடப் பார்க்காமல் சிரித்தேன். அப்போது எனக்குத் தலையில் கொம்பு முளைத்திருந்தது.

புத்தூரிலிருந்து கூட்டிவந்த கூலியாட்கள் தோண்டத் தொடங்கிய முதல் நாளே மைத்துனன் வந்து நின்றுவிட்டான். ஊரில் வேறு ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை. சர்க்கார் ஆட்களோடு எதற்கு வம்பு என்று இருந்தார்கள். இவன் மட்டும் கல்லுக்கு அப்பால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்வெட்டி விழுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உச்சிவேளைக்கு என்னிடம் வந்தான்.

"மாமா, இந்தாண்ட எதுக்கு? மேட்டுல இத்தவிடப் பெரிய கல்லு கீது. ஆளுங்கள அங்க தோண்டச் சொல்லேன்."

"உங்க ஊர் எல்லைய நாங்க எங்கயும் தூக்கிக்கினு போயிடமாட்டோம்டா" என்றேன். "பயப்படாம போய் வேலையப் பாரு."

"அதுக்கில்ல மாமா." என் முகத்தைப் பார்த்தான், குழியைப் பார்த்தான், ஊரைப் பார்த்து ஓடினான். அரைமணியில் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தான். அழுதமாதிரி இருந்தது. இந்த ஜனங்களுக்கு எல்லை என்றால் இவ்வளவு உயிரா என்று நினைத்துக்கொண்டேன். அதையும் நோட்டில் எழுதினேன்.

மறுநாள் கிழக்கு ஓரத்தில், முழங்கை ஆழத்துக்குள்ளேயே, தட்டையான ஒரு கல் தட்டுப்பட்டது. அதன் கீழே வாய் அகன்ற சட்டி. உள்ளே மண் நிறைந்திருந்தது. விரிவுரையாளர் தூரிகையை என் கையில் கொடுத்து, உன் கை மென்மையான கை, நீயே எடு என்றார். எடுத்தேன். குருவிக்கூட்டுக்குச்சி மாதிரி எலும்புகள். மண்டையோடு தனித்தனி ஓடுகளாகக் கழன்றிருந்தது. மணிக்கட்டு இருந்த இடத்தைச் சுற்றி வளைவாகப் பன்னிரண்டு கண்ணாடி மணிகள். பதினொன்று கறுப்பு. மேலாக இருந்த ஒன்று மட்டும் நீலம், ஓரம் சற்று உடைந்தது.

சட்டியைப் பார்த்து எனக்கு ஒரு சந்தேகம் வரத்தான் வந்தது. "சார், இது புத்தூர்ச் சந்தையில் விற்கிற சட்டி மாதிரி இருக்கிறதே" என்றேன். "அதுதான் அதிசயம்" என்றார் அவர். "இரண்டாயிரம் வருடமாக உங்கள் குயவர்கள் கை மாறவில்லை." எங்கள் ஜில்லாவைப் புகழ்ந்துவிட்டாரே என்று எனக்குப் பெருமை. கீழே இன்னும் ஆழத்தில் உண்மையிலேயே பழைய தாழிகளும் துருப்பிடித்த இரும்புத் துண்டும் கிடைத்தன. சந்தேகம் அத்தோடு போயிற்று.

ஜீப் கிளம்பும்போது மைத்துனன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்காகிட்ட மட்டும் இத்த சொல்லிக்கினு இருக்காத மாமா. மாசமா கீது." கர்ப்பிணி சமாதிக் கதை கேட்கக்கூடாது போலிருக்கிறது என்று நானும் தலையாட்டினேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தேன்.

திருப்பதிக்கு வந்து எலும்புகளைக் கழுவினேன். நிழலில் உலர்த்தினேன். ஒவ்வொன்றையும் காகிதத்தில் அளவாக வரைந்தேன். பல் முளைக்காத தாடை என்பதால் குழந்தையின் வயதைத் துல்லியமாகக் கணிக்க எலும்புகளைப் பஞ்சில் சுற்றி மரப்பெட்டியில் வைத்து, தூரத்துப் பெரிய நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு ரயில் பார்சலில் அனுப்பினோம். பெட்டிக்கு ஆணி அடித்தது நான். சட்டியும் மணிகளும் அலமாரியில் நடுத்தட்டுக்கு வந்தன. மணிகளைப் புதுநூலில் கோத்தேன். அட்டை எழுதினேன்.

அந்த மணிகளை வைத்து விரிவுரையாளர் ஒரு பாடம் நடத்தினார் பாருங்கள், நான் கதவோரம் நின்று கேட்டேன், மெய்சிலிர்த்தது. பதினோரு கறுப்பு, நடுவில் ஒரு நீலம். யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். செத்துப்போன சிசுவுக்கு அழகு எதற்கு என்று கேட்காமல், எது நடுவில் வந்தால் நன்றாக இருக்கும் என்று பார்த்திருக்கிறார்கள். வயிற்றுக்கு உதவாத இந்தச் செயலில்தான் பண்பாடு தொடங்குகிறது. அவர் அதை நீளமான கட்டுரையாகவும் எழுதினார். படங்கள் நான் வரைந்தவை. கீழே சின்ன எழுத்தில் எனக்கு நன்றி போட்டிருந்தார்.

எங்களுக்குப் பையன் பிறந்தான். நன்றாகத் தேறினான். வருடம் திரும்பியதும் திருமலையில் முடி இறக்க என் மனைவி அவனைத் தூக்கிக்கொண்டு தம்பியோடு வந்தாள். மலையிலிருந்து இறங்கிய பிறகு, நான் வேலை பார்க்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. மைத்துனன் வேண்டாம் அக்கா, பஸ்ஸுக்கு நேரமாகுது என்று தடுத்துப் பார்த்தான். நான் கேட்கவில்லை. என் கையெழுத்து கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறதை அவளுக்குக் காட்ட வேண்டாமா?

மொட்டைத் தலையும் சந்தனமுமாகப் பையன் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தட்டாகக் காட்டிக்கொண்டே போனேன். நடுத்தட்டுக்கு வந்ததும் குரலை உயர்த்தினேன். எங்கே தோண்டியது என்று சொல்லாமல், இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தியது என்று ஆரம்பித்து விரிவுரையாளர் சொன்ன அத்தனையையும் சொன்னேன். நீல மணியை விரலால் சுட்டி, அந்தக் காலத்திலேயே நடுவில் ஒரு நிறம் வைக்க வேண்டும் என்று ஒருத்திக்குத் தோன்றியிருக்கிறது பார் என்றேன்.

அவள் கண்ணாடியில் நெற்றி படுகிற அளவுக்குக் குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சாதாரணக் குரலில் சொன்னாள்.

"நடுவும் இல்ல ஒண்ணும் இல்ல. கறுப்பு பதினொண்ணுதான் கெடச்சுது. ஒண்ணு பத்தல. கண்ணுக்குட்டி கழுத்துல இருந்தத அவுத்துக் கோத்தேன்."

எனக்குப் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. அவள் தம்பி தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

"கண்ணுக்குட்டி கட்டுத்தறியில ஒரசி ஒடச்சுது, அந்த மூளி அப்படியே கீது." பையனை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "எலும்பு எங்க?"

பார்சலில் அனுப்பியதைச் சொன்னேன். எதற்கு என்றாள். வயது பார்க்க என்றேன்.

"பத்து நாள்" என்றாள். "என்னக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

மைத்துனன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். பேர் வைக்காத பிள்ளைகளை அந்த ஊரில் புதுச்சட்டியில் வைத்துக் கல்வட்டத்துக்குள் புதைப்பார்கள். ஏர் போகாத இடம், எவனும் கை வைக்கமாட்டான் என்று நம்பிக்கை. இவன்தான் புதைத்தவன். தோண்டின முதல் நாள் ஓடிப்போய்த் தாயிடம் சொல்லியிருக்கிறான். எங்களிடம் வந்து சொல்லிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறான். அந்த அம்மாள், "போனது போச்சு, வயித்துல கீறது நிக்கட்டும், அவரு காதுல போடாத" என்றாராம். என் காதில் விழக்கூடாது என்பதற்காக, என் கையாலேயே எடுக்க விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். உயிரோடு இருக்கிற ஒன்றுக்காகச் செத்த ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள். அதை நான் எல்லைப் பயம் என்று நோட்டில் எழுதிவைத்திருந்தேன்.

என் மகளை நான் பார்க்காமல் இல்லை. ஒவ்வொரு எலும்பாகப் பார்த்தேன். கழுவினேன், அளந்தேன், வரைந்தேன். இதைவிட நெருக்கமாக எந்தத் தகப்பனும் பார்த்திருக்கமாட்டான். அப்போது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விரிவுரையாளரிடம் போய்ச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "நான் அச்சுக்குக் கொடுத்துவிட்டேனே" என்றார். அடுத்த நிமிடம் அப்படிச் சொன்னதற்காக வெட்கப்பட்டார். அலமாரிச் சாவியை என் கையில் கொடுத்து, சட்டியையும் மணிகளையும் எடுத்துப்போ, பதிவேட்டில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எலும்புகளைத் திருப்பி அனுப்பச் சொல்லி அன்றைக்கே கடிதம் எழுதினார். நாலு மாதம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த எண்ணில் எந்தப் பெட்டியும் வந்து சேரவில்லை. மறுபடி எழுதினோம். பதிலே இல்லை. பிறகு அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கட்டுரை தப்பு என்று அவரும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. எனக்கு அவருடைய இடம் கிடைக்க இருந்தது. கிடைத்தது. கட்டுரை விஷயத்தில் என் வாய் அடைபட்டதற்கு அதுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

சட்டியை அவள் முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கார்வேட்டிநகரம் பஸ்ஸில் ஏறினாள். நானும் வருகிறேன் என்று படியில் கால் வைத்தேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அக்காவும் தம்பியும் எங்கே புதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கல்வட்டத்தில் இல்லை என்று மட்டும் தெரியும். எலும்பு இல்லாத சட்டி, பன்னிரண்டு மணி.

பிறகு எல்லை ஒருவழியாகத் தீர்ந்தது. எங்கள் ஊர் மெட்ராஸ் பக்கம் போயிற்று, அவள் பிறந்த ஊர் ஆந்திராவிலேயே நின்றது. யாருடைய தலையையும் யாரும் அளக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை அவள் மட்டும் எல்லை தாண்டிப் போய்வருவாள். என்ன நாள் என்று எனக்குத் தெரியும், கூப்பிடமாட்டாள் என்றும் தெரியும். பையன் வளர்ந்து குப்பம் டவுனில் வாத்தியாராக இருக்கிறான். அவனுக்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை தங்கவில்லை, இரண்டு தடவை கலைந்தது. அந்தப் பழைய நம்பிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மானிடவியல் வாத்தியாராக என்னால் அடித்துச் சொல்ல முடியும். புருஷனாக அவள் எதிரில் ஒருநாளும் சொல்ல முடியவில்லை. அவளும் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. என்னிடம் அன்பாகத்தான் இருந்தாள். சோறு போட்டாள், காய்ச்சலில் விழுந்தால் விழித்திருந்தாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் வெளியாள்.

போன வருடம், நான் ஓய்வுபெற்ற பிறகு குடிவந்த சித்தூர் வீட்டில், அவள் படுக்கையாகக் கிடந்தாள். எழுந்திருக்கமாட்டாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. மைத்துனன் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டான். அவளும் போனால் அந்த இடம் தெரிந்தவர்கள் பூமியில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஒரு மத்தியானம் அவளுக்குக் கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்துவிட்டு, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன்.

"அந்த இடம் எதுன்னு எனக்குச் சொல்லக் கூடாதா?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. களைப்பாக இருந்தாள்.

"எதுக்கு?" என்றாள். "மறுபடியும் தோண்டறதுக்கா?"

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கழுவி வைத்தேன்.